இரண்டரை இழுப்பு

அக்டோபர் 14, திங்கள்

இந்த டைரி ரவூஃப் பாய் கொடுத்தது. போடியில் பேட்டரிக் கடை வைத்திருக்கிறார். வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்தது போக மிச்சம் கிடந்ததில் ஒன்றைத் தூசி தட்டிக் கொடுத்தார். "என்னைக்கு பேட்டரி இறங்குது, அன்னைக்கு எத்தனை நடை, என்ன லைட் போட்டீங்க, எல்லாத்தையும் எழுதி வைங்கக்கா. அப்பத்தான் நோய் பிடிபடும்" என்றார். முதலிலிருந்து எழுதச் சொன்னார். எழுதுகிறேன்.

என் பெயர் பேச்சியம்மாள். அடிவாரத்திலிருந்து வெள்ளிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறேன். ஜீப் என் வீட்டுக்காரருடையது. அவர் இறந்த பிறகு விற்கச் சொன்னார்கள். நான் விற்கவில்லை.

வெள்ளிமெட்டுக்குத் தார் ரோடு கிடையாது. மண்ணும் கல்லும்தான். அடிவாரத்தில் ஓடையைத் தாண்டியதும் பன்றிக்கிடங்கு என்று ஒரு ஏற்றம் வரும். மழை பெய்தால் அங்கே சேறு முழங்கால் வரை நிற்கும். மாட்டிக்கொண்ட வண்டியைப் பின்னால் வரும் வண்டி கயிறு கட்டி இழுக்காமல் தாண்டிப் போகக்கூடாது என்பது எங்கள் ஸ்டாண்டின் முதல் கட்டுப்பாடு. இழுபட்ட வண்டிக்காரர் ஸ்டாண்டு முழுவதற்கும் டீயும் வடையும் வாங்கித் தரவேண்டும், இது இரண்டாவது. மூன்றாவதுதான் பெரியது. ஒரு மழைக்காலத்தில் மூன்று தடவை இழுபட்ட வண்டிக்குப் பொங்கல் வரை மேலே போக முறை கிடையாது. கீழே தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றிக்கொண்டு சுற்ற வேண்டியதுதான். வெள்ளிமெட்டு முறை போனால் எனக்கு ஜீப்பை வைத்திருந்து பயன் இல்லை.

அதற்காகத்தான் ஆவணியில் முன் பம்பரில் வின்ச் மாட்டினேன். ஒரு மோட்டார், ஒரு உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு. கயிற்றின் கொக்கியை மரத்தில் மாட்டி சுவிட்சை அழுத்தினால் ஜீப் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு மேலே ஏறும். கோயம்புத்தூரில் காட்டு வழி ஓட்டும் ஒருவர் விற்றார். கூடவே இரண்டு மஞ்சள் லைட்டும் வாங்கினேன். மத்தியானம் ஆனால் மேகம் ரோட்டில் வந்து உட்கார்ந்துவிடும், சாதா லைட்டில் பத்தடி தெரியாது.

நோய் இதுதான்: காலை நடையில் வின்ச் யானை மாதிரி இழுக்கிறது. மத்தியான நடையில் முனகிவிட்டு நின்றுவிடுகிறது.

இதுவரை இரண்டு தடவை இழுபட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் எங்கள் ஸ்டாண்டில் ஜீப் ஓட்டும் சிவனாண்டியின் கயிறு.

அக்டோபர் 16, புதன்

இரண்டு நடை. மழை இல்லை, வின்ச் வேலை வரவில்லை. மஞ்சள் லைட் இறக்கத்தில் மட்டும் போட்டேன்.

ஏறும்போது வண்டிக்குள் யாரும் பேச முடியாது, இன்ஜின் சத்தம். இறங்கும்போதுதான் ஊர்க்கதையெல்லாம் வெளியே வரும். இன்றைக்கு ஒரு மிளகு வியாபாரி தன் சம்பந்தி வீட்டுச் சண்டையை முதல் வளைவில் ஆரம்பித்து ஓடையில் முடித்தார். பின்னால் வந்த வண்டியில் சிவனாண்டி பாடிக்கொண்டே வந்தார். பழைய பாட்டு. சரணத்தில் எப்போதும் ஒரு வரியை விழுங்கிவிடுவார். குரல் சுமார்தான்.

இதை பாய்க்கு எழுத வேண்டியதில்லை. எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அக்டோபர் 18, வெள்ளி

காலையில் சீக்கிரமே போடிக்குப் போனேன். பாய் வின்ச்சுக்குக் கீழே படுத்துப் பார்த்துவிட்டு, எர்த் சரியில்லை என்றார். எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறதாம். கட்டைவிரல் பருமனுக்குப் புது கேபிள் போட்டு நேரே பேட்டரிக்கு இழுத்தார். கடை வாசலில் புளியமரத்தில் கொக்கியை மாட்டி அழுத்தினோம். ஜீப்பின் மூக்கு தரையிலிருந்து எழுந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

திரும்பி வந்து ஒரு நடை போய் இறங்கினேன், இறக்கம் முழுக்க மஞ்சள் லைட். மத்தியானம் பன்றிக்கிடங்கில் முனகிவிட்டு நின்றது.

நல்லவேளை, வண்டியில் கல்யாணத்துக்குப் போகும் ஆட்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கித் தள்ளினார்கள். கையால் தள்ளினால் கணக்கில் சேராது. பின்னால் சிவனாண்டி கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். தேவைப்படாததால் திரும்ப வைத்துவிட்டார்.

அவருடைய முறை இன்றைக்கு நான்காவது. நான் முதல். ஆனாலும் என் பின்னால்தான் வருகிறார். முறையை மாற்றிக்கொள்கிறாராம். நான் மாட்டுவதை முன்வரிசையில் இருந்து பார்க்கத்தான்.

அக்டோபர் 21, திங்கள்

பாய் இரண்டாவது பேட்டரி வைத்தார். டிரைவர் சீட்டுக்குக் கீழே கம்பிப் பெட்டி அடித்து அதற்குள் உட்கார வைத்திருக்கிறார். பழைய பேட்டரி வண்டியை ஸ்டார்ட் செய்ய மட்டும். புதியது வின்ச்சுக்கும் மஞ்சள் லைட்டுக்கும். இன்ஜின் ஓடும்போது இரண்டும் சேர்ந்து சார்ஜ் ஆகும், நின்றதும் நடுவில் இருக்கும் ரிலே தானாகப் பிரித்துவிடும். ஒன்றின் கரண்டை மற்றொன்று திருட முடியாது என்றார்.

செல்போன் சார்ஜ் செய்ய ஒரு பாயின்ட்டும் வைத்தார். சாவி போட்டால்தான் அது வேலை செய்யும்.

சீட்டுக்குக் கீழே பேட்டரி இருப்பதால் நான் ஒரு சாண் உயர்ந்துவிட்டேன். ரோடு நன்றாகத் தெரிகிறது.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. ஒரு நடைதான். வின்ச் நன்றாக இழுத்தது.

அக்டோபர் 25, வெள்ளி

நேற்று இரவு முழுக்க மழை. காலை நடை சுகம். பத்து மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. இறங்கும்போது முழு வழியும் மஞ்சள் லைட். மேகத்துக்குள் எதுவும் தெரியாவிட்டாலும் எல்லாம் கேட்கும். கரட்டில் மயில் கத்துவது, ஓடைத் தண்ணீர், பின்னால் பாட்டு.

மத்தியானம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். பன்றிக்கிடங்கில் முன் சக்கரம் இரண்டும் புதைந்தன. கொக்கியை மருதமரத்தில் மாட்டி அழுத்தினேன். உருளை கால் சுற்று சுற்றிவிட்டு நின்றது. மஞ்சள் லைட் அணையப்போகும் விளக்குத் திரி மாதிரி ஆகிவிட்டது.

 எனக்கு இது மூன்றாவது என்று எல்லாருக்கும் தெரியும்.

சிவனாண்டி வந்தார். கையில் கயிறு இல்லை. பேட்டரிக்குப் பேட்டரி கரண்ட் கொடுக்கும் இரண்டு தடித்த வயர்கள். தன் ஜீப்பை ஓரமாக ஒட்டிக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, வயரை என் சீட்டுக்குக் கீழே கொடுத்தார். "இப்ப அழுத்துங்க" என்றார். அழுத்தினேன். ஜீப் சேற்றிலிருந்து உருவிக்கொண்டு வந்தது.

சாயங்காலம் ஸ்டாண்டில் வழக்கு. இது இழுப்பா இல்லையா? எங்கள் ஸ்டாண்டுத் தலைவர் மச்சக்காளை அண்ணன், எதையும் அவசரப்பட்டுச் சொல்லமாட்டார். வெற்றிலையை மென்று முடிக்கும் வரை எல்லாரும் காத்திருந்தோம். கயிறு கட்டினால்தான் இழுப்பு என்று சிலர். அடுத்தவன் உதவி வாங்கினாலே இழுப்புதான் என்று சிலர். சிவனாண்டியைக் கேட்டார்கள். "நான் வண்டியை ஓரமா நிறுத்துனேன். வேற ஒண்ணும் செய்யலையே" என்றார்.

கடைசியில் மச்சக்காளை அண்ணன் சொன்னார்:

"கயிறு பேச்சியோட கயிறு. மோட்டாரும் பேச்சியோடது. கரண்டு மட்டுந்தான் இவன் கரண்டு. அதனால இது அரை இழுப்பு. டீ உண்டு. வடை கிடையாது."

ஆக இரண்டரை. இனி ஒரு கயிறு பட்டாலும் போச்சு, ஒரு வயர் பட்டாலும் போச்சு.

அக்டோபர் 27, ஞாயிறு

மகள் செங்கமலம் மதுரையிலிருந்து போன் செய்தாள். அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். வின்ச், பேட்டரி, அரை இழுப்பு எல்லாம் சொன்னேன். சிரித்துவிட்டு, "ஏம்மா, நீ பேட்டரியப் பத்திப் பேசுறியா, சிவனாண்டி மாமாவப் பத்திப் பேசுறியா?" என்று கேட்டாள். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 31, தீபாவளி

வண்டி இல்லை. ஜீப்பைக் கழுவிப் பொட்டு வைத்தேன்.

சிவனாண்டி அதிரசம் கொடுத்துவிட்டுப் போனார். மனைவி போன பிறகு அவருக்குச் சாப்பாடு அக்கா வீட்டில்தான். அக்கா சுட்டது என்றார். கொஞ்சம் வேகவில்லை. ஓரம் ஒன்று கருகியும் இருந்தது. அந்த அக்காவின் அதிரசத்தை நான் முன்பு சாப்பிட்டிருக்கிறேன், இப்படி இருக்காது. எல்லாவற்றையும் சாப்பிட்டு முடித்தேன்.

நவம்பர் 5, செவ்வாய்

மறுபடி போடி. பாய்க்குக் கோபம் வரத் தொடங்கிவிட்டது, என் மேல் இல்லை, பேட்டரி மேல். ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டுப் பெரிதாக ஒன்று மாட்டினார். இன்ஜின் சுற்றச் சுற்றக் கரண்ட் தயாரிப்பது அதுதான். கடையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் எல்லாம் சரி. எப்போது பார்த்தாலும் எல்லாம் சரி.

"டைரிய குடுங்கக்கா, பாத்திருவோம்" என்றார். கையெழுத்து நன்றாக இல்லை, நானே படித்துச் சொல்கிறேன் என்றேன். நடை, லைட், மழை இதை மட்டும் படித்தேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "இதுல ஒண்ணும் தப்பில்லையே" என்றார்.

நவம்பர் 8, வெள்ளி

காற்றில் மரம் விழுந்து வெள்ளிமெட்டுக்கு இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. மேலே போனதும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாருடைய கையிலும் செத்துப்போன செல்போன். என் ஜீப்பில் சார்ஜ் பாயின்ட் இருப்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. நாளைக் காலை வாங்கிக்கொள்கிறேன், மத்தியானம் கொண்டுவந்து தருகிறேன் என்றேன்.

நாளையும் மழை என்று ரேடியோவில் சொன்னார்கள்.

நவம்பர் 9, சனி

இன்றைக்கு நடந்ததை வரிசையாக எழுதவேண்டும்.

காலை நடை முடிந்து இறங்கப் புறப்பட்டேன். போன்களை ஒரு தக்காளிக் கூடையில் போட்டுக் கொடுத்தார்கள். ஒரே பாயின்ட்டில் நாலைந்து தலை உள்ள வயரைச் சொருகி, மாற்றி மாற்றிப் போட ஒரு டீச்சரம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்தேன். கூடையில் ஒரு போன் சிவனாண்டியுடையது. அவர் ஜீப்பிலும் சார்ஜ் பாயின்ட் இருக்கிறது. ஏன் என்னிடம் கொடுத்தார் என்று தெரியவில்லை.

இத்தனை போனும் சேர்ந்து பேட்டரியைக் குடித்துவிடுமோ என்று பயம். அதனால் இறக்கத்தில் இன்ஜினை அணைக்கவில்லை. இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டே இறங்கினேன். மேகம், அதனால் மஞ்சள் லைட்டும் எரிந்தது. உயிர் வந்த போன்கள் ஒவ்வொன்றாக அடிக்கத் தொடங்கின. டீச்சரம்மா எல்லாவற்றையும் எடுத்து, "அவங்க இல்ல, இது ஜீப்பு" என்று சொல்லிக்கொண்டே வந்தார். துபாயிலிருந்து பேசிய ஒருவர், எந்த ஜீப்பு என்று கேட்டாராம்.

மத்தியானம் ஆட்களையும் போன் கூடையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மழை வலுத்துவிட்டது. பன்றிக்கிடங்கில் பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் வழுக்கி ஜீப் ஓடைப் பக்கமாகத் திரும்பியது. பிரேக்கைப் பிடித்து நின்றேன். ஆட்களை இறக்கினேன். சேற்றில் நடந்து கொக்கியை மருதமரத்தில் மாட்டினேன். திரும்பிப் பார்த்தால் கீழே சிவனாண்டி நிற்கிறார். ஒரு தோளில் கயிறு, ஒரு கையில் வயர். எது எடுத்தாலும் என் முறை போச்சு. அவர் முகம் என்னைவிட மோசமாக இருந்தது.

சுவிட்சை அழுத்தினேன்.

இழுத்தது. முனகவில்லை. கயிறு இறுகியது, சேறு உறிஞ்சி விட்டது, ஜீப் நேராகத் திரும்பி மருதமரத்தடிக்கு வந்து நின்றது. லைட் கொஞ்சமும் மங்கவில்லை. ஆட்கள் சத்தம் போட்டார்கள். கூடையில் ஒரு போனும் அடித்தது.

கீழே பார்த்துக் கையை உயர்த்தி, வேண்டாம் என்று காட்டினேன். சிவனாண்டியும் சிரித்துக்கொண்டு கையை உயர்த்தினார். பிறகு அந்தக் கயிற்றையும் வயரையும் எங்கே வைப்பது என்று தெரியாதவர் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார்.

வீட்டுக்கு வந்து சோறு வைக்கும்போதுதான் உறைத்தது. இன்றைக்கு மட்டும் என்ன வித்தியாசம்? இறக்கத்தில் இன்ஜின் ஓடியது.

நாங்கள் யாரும் இறக்கத்தில் இன்ஜினை ஓடவிடுவதில்லை. உச்சியில் நியூட்ரலில் போட்டு அணைத்துவிட்டால் ஓடை வரை தானாக உருளும். டீசல் மிச்சம். என் வீட்டுக்காரர் அப்படித்தான் இறங்கினார், அவருக்குக் கற்றுக் கொடுத்தவரும் அப்படித்தான். இன்ஜின் சுற்றாவிட்டால் சார்ஜ் ஏது? வழி முழுக்க மஞ்சள் லைட் புது பேட்டரியை உறிஞ்சிக்கொண்டே வந்திருக்கிறது. அடிவாரத்தில் ஆள் ஏற்றி ஓடையைத் தாண்டினால் உடனே பன்றிக்கிடங்கு. காலிப் பேட்டரியில் வின்ச் என்ன செய்யும்? காலை நடைக்கு மட்டும் வீட்டிலிருந்து ஸ்டாண்டுக்கு ஓடும் ஓட்டத்திலேயே அது நிறைந்துவிடும்.

போனுக்கு யோசித்த நான் லைட்டுக்கு யோசிக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

பாயிடம் சொன்னேன். கையில் இருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "எர்த் மாத்துனேன், பேட்டரி வச்சேன், ஆல்டர்னேட்டர் மாத்துனேன். இறக்கத்துல இன்ஜின அமத்துறேன்னு ஒரு வார்த்தை சொல்லலையேக்கா" என்றார்.

"எல்லாருமே அமத்துவோம் பாய். மூச்சு விடுறதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுவாங்களா?" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்து, கண்ணீர் வந்து, தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். அணைத்துக்கொண்டு இறங்குவது பிரேக்குக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து என்று ஒரு பாடு திட்டினார். இனிமேல் டைரி எழுத வேண்டியதில்லை என்றார்.

பழகிவிட்டது. எழுதுகிறேன்.

நவம்பர் 11, திங்கள்

ஸ்டாண்டில் சொன்னேன். மேகத்தில் லைட் போட்டால் எல்லாருக்கும் மத்தியானம் ஸ்டார்ட் ஆகாமல் தள்ள வேண்டியிருந்ததன் காரணம் இப்போது தெரிந்துவிட்டது. தெரிந்ததற்காக டீசலை விடுவார்களா? மச்சக்காளை அண்ணன், மழைக்காலம் முடியும் வரை எல்லாரும் கியரில்தான் இறங்கவேண்டும் என்றார். தை பிறந்த பிறகு யோசிக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

என் இரண்டரை அப்படியே நிற்கிறது. முறை நிற்கிறது. அது போதும்.

நவம்பர் 13, புதன்

இரண்டு நடை. வின்ச் இரண்டு தடவை. பேட்டரி நன்றாக இருக்கிறது.

இறக்கத்தில் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மயிலும் இல்லை, ஊர்க்கதையும் இல்லை. வேறு எதுவும் இல்லை.

நவம்பர் 14, வியாழன்

பேட்டரி நன்றாக இருக்கிறது. இன்றைக்கும் எதுவும் கேட்கவில்லை.

நவம்பர் 16, சனி

வெயில். மத்தியான நடைக்கு எனக்கு இரண்டாவது முறை, சிவனாண்டிக்கு முதல். எப்படி என்று தெரியவில்லை, இத்தனை வருடத்தில் அவர் எனக்கு முன்னால் போய்ப் பார்த்ததில்லை. பன்றிக்கிடங்கைத் தாண்டி, இலவமரத் தோப்பில் ரோடு சமதளமாக இருக்கும். அங்கே ஆட்டோகூடப் போகும். அந்த இடத்தில் சிவனாண்டியின் ஜீப் ரோட்டை விட்டு இறங்கி ஓரத்துப் பள்ளத்தில் நின்றது. அவர் மட்கார்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். அவர் ஜீப் ஆட்கள் தோப்பு நிழலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்கள். யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை.

அந்தப் பள்ளத்தில் மாட்டவேண்டும் என்றால் தேடிப்போய்த்தான் மாட்டவேண்டும்.

மாட்டிய வண்டியைத் தாண்டிப் போகக்கூடாது. கட்டுப்பாடு.  என் ஜீப்பை முன்னால் கொண்டுபோய்த் திருப்பி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, இன்ஜினை ஓடவிட்டு, கொக்கியை அவர் பம்பரில் மாட்டினேன். ஒரே இழுப்பு. முழு இழுப்பு. அவர் ஜீப் ஓட்டத் தொடங்கிய பிறகு யாரும் அவரை இழுத்ததில்லை என்று ஸ்டாண்டில் பெருமையாகச் சொல்வார்கள். அது இன்றோடு போனது.

சாயங்காலம் அவர் செலவில் டீயும் வடையும். வடையோடு கேசரியும் சொல்லியிருந்தார். அங்கே எப்படி மாட்டினாய் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். தூக்கக் கலக்கம் என்றார். மச்சக்காளை அண்ணன் கேசரியை வாயில் போட்டுக்கொண்டு, "இந்தத் தூக்கம் எத்தனை வருசமாடா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் கலைந்த பிறகு அவர் தன் ஜீப்பைத் துடைப்பது மாதிரி துடைத்துக்கொண்டிருந்தார். நான் என்னுடையதைத் துடைத்தேன். சேறு இல்லை, இரண்டிலும்.

நான்தான் முதலில் பேசினேன்.

"இறக்கத்துல நீங்க பாடுறது இப்பல்லாம் எனக்குக் கேக்க மாட்டேங்குது."

அவர் துணியைக் கீழே வைத்தார். "கேட்டுக்கிட்டா இருந்தீங்க?"

"சரணத்துல ஒரு வரிய விட்டுருவீங்க."

"அந்த வரி எனக்குத் தெரியாதுங்க. நானும் ரொம்ப நாளா யாரையாச்சும் கேக்கணும்னு பாக்குறேன்."

எனக்குத் தெரியும். சொன்னேன். பாடவில்லை, சொல்லத்தான் செய்தேன். அவர் இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு, இறக்கத்தில் கேட்காது என்றால் அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பாடலாமா என்று கேட்டார்.

"ஸ்டாண்டே கேக்கும்" என்றேன்.

"கேக்கட்டும்" என்றார்.

நவம்பர் 17, ஞாயிறு

செங்கமலத்துக்கு நானே போன் செய்தேன். சிக்னல் நன்றாக இருந்தது.

அவர் குரலைச் சுமார் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். அடிவாரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு பேட்டரியும் நிறைந்திருக்கின்றன.